வார்டன் என்பது சிறையில் பிறந்த சொல்லா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒரு மகளிர் விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. அதைக் கேட்ட அமெரிக்க உறவினர் "இங்கே ஜெயிலுக்குத் தலைவராக இருப்பவரைத்தான் அப்படிச் சொல்வோம்" என்று சொல்லிவிட்டார். இன்னொரு நண்பர் அதை வார்ட், டென் என்று இரண்டாக வெட்டி, அடைத்து வைக்கும் குகை என்று பொருள் சொல்லியிருக்கிறார். கார்டியன் என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டா என்பது உங்கள் மூன்றாவது சந்தேகம். கேள்வி மூன்றாக இருந்தாலும் உங்கள் மனதில் உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இது சிறையிலிருந்து விடுதிக்கு வந்து ஒட்டிக்கொண்ட பெயரா, இதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். சிறை என்பது இந்தச் சொல்லின் பல கிளைகளில் ஒன்று, வேர் அல்ல. ஆங்கில மொழி வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கார்டியன் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். வார்டனும் கார்டியனும் உறவுச் சொற்கள் மட்டும் இல்லை, ஒரே சொல். ஒரே சொல் இரண்டு வழியாக, இரண்டு காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து இரண்டாக நின்றுவிட்டது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளோவிஸ் என்ற மன்னனின் தலைமையில் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தார் இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். நாட்டுக்கு ஃபிரான்ஸ் என்ற பெயரே அவர்களால் வந்ததுதான். ஆண்டவர்கள் அவர்கள், ஆனால் மக்கள் பேசியது லத்தீனிலிருந்து திரிந்துகொண்டிருந்த ஒரு மொழி. காலப்போக்கில் ஆண்டவர்களே அந்த மொழிக்கு மாறிவிட்டார்கள். மாறும்போது தங்கள் சொற்கள் சிலவற்றை உள்ளே விட்டுச் சென்றார்கள், அதில் போர், காவல், சம்பளம் போன்ற ஆட்சி சம்பந்தப்பட்ட சொற்கள் நிறைய. காவல் காப்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் "வார்ட்" என்ற ஓசையில் தொடங்கியது.

இங்கேதான் சுவாரசியமான இடம். அந்தத் தொடக்க ஓசை நம் "வ" இல்லை, ஆங்கிலத்தில் டபிள்யூ எழுத்துக்கு உள்ள ஓசை. நம் "வ"வில் மேல்பல் கீழுதட்டைத் தொடும் அல்லது தொடும் அளவுக்கு நெருங்கும். டபிள்யூவில் பல்லுக்கு வேலையே இல்லை. நீங்களே வாயில் வைத்துப் பாருங்கள். "உ" சொல்வதுபோல் உதட்டைக் குவித்து, அப்படியே "ஆ"வுக்குத் தாவுங்கள். உதடு குவியும் அதே நேரத்தில் நாக்கின் பின்பகுதியும் மேலே எழும்பி, "க" சொல்லும் இடத்துக்குக் கிட்டே போவது தெரியும். அந்த ஓசை பழக்கமில்லாதவர் அதை அழுத்திச் சொன்னால் நாக்கு உண்மையாகவே மேலே முட்டிவிடும், முன்னால் ஒரு "க்" வந்துவிடும். அன்றைய லத்தீன் வழிப் பேச்சில் டபிள்யூ ஓசை வழக்கொழிந்து "வ" போன்ற வேறொன்றாக மாறியிருந்தது. ஆகவே அந்த மக்களின் வாயில் வார்ட் என்பது "க்வார்ட்" ஆனது. பிறகு நடுவில் இருந்த உதட்டோசையும் தேய்ந்து "கார்ட்" ஆனது. இன்று ஆங்கிலத்தில் கார்டியன் என்று எழுதும்போது ஜிக்கும் ஏவுக்கும் நடுவில் ஒரு யூ நிற்கிறதே, யாரும் உச்சரிப்பதில்லையே, அது அந்தப் பழைய "க்வா"வின் மிச்சம்.

ஆனால் பிரான்ஸின் வடக்கு ஓரத்தில், அதாவது பிக்கார்டியிலும் நார்மண்டியின் வடபகுதியிலும், இந்த மாற்றம் நடக்கவில்லை. அங்கே பழைய டபிள்யூ அப்படியே இருந்தது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் அந்த நார்மண்டிக்காரர்கள். அவர்கள் கொண்டுவந்தது "வார்டெய்ன்", அது 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் வார்டனாகத் தலைகாட்டுகிறது. அப்புறம் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுக்கு மதிப்புக் கூடியபோது அதே சொல்லின் "க" வடிவம் 14ஆம் நூற்றாண்டில் தனியாக வந்து சேர்ந்தது, அதுதான் கார்டியன். இந்த இரட்டைப் பிறப்பு இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. வாரண்டி, கேரண்டி இரண்டும் ஒரே சொல். ரிவார்ட், ரிகார்ட் இரண்டும் ஒரே சொல். வில்லியம் என்ற ஆங்கிலப் பெயர் பிரெஞ்சில் கியோம், வேல்ஸ் நாடு பிரெஞ்சில் கால். போரைக் குறிக்கும் வார் என்ற சொல்லும், ஸ்பானிய மொழியில் "சிறு போர்" என்று பொருள்படும் கெரில்லாவும் இதே கதைதான். இவ்வளவு சொற்களில் ஒரே ஓசை ஒரே மாதிரி மாறியிருப்பதால்தான் வார்டன், கார்டியன் உறவை ஊகம் என்று சொல்லாமல் உறுதி என்று சொல்ல முடிகிறது. நீங்கள் எந்தச் சொல்லாராய்ச்சியைக் கேட்டாலும் இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள்: சொன்ன விதி மற்ற சொற்களிலும் வேலை செய்கிறதா? செய்யாவிட்டால் அது வெறும் ஓசை ஒற்றுமை.

உங்கள் நண்பரின் வார்ட் + டென் இந்தச் சோதனையில் தேறாது. வார்டனில் "டென்" என்று தனி உறுப்பே இல்லை. "ட" என்பது முன்பகுதியைச் சேர்ந்தது, கடைசியில் உள்ளது ஆளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு விகுதியின் தேய்ந்த வடிவம். விலங்கின் குகையைக் குறிக்கும் டென் முழுக்க வேறு சொல், அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது.

சரி, வேர்ச்சொல்லின் பொருள் என்ன? இங்கே எது கண்ணால் பார்த்த சான்று, எது கணக்குப் போட்டுக் கண்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் "வெஆர்ட்" என்றால் காவலர் அல்லது காவல், இது ஓலைபோல் கையில் இருக்கும் எழுத்துச் சான்று. பழைய பிரெஞ்சு வடிவங்களும் அப்படியே. ஆனால் ஃபிராங்குகள் தங்கள் மொழியில் ஏறக்குறைய எதையும் எழுதி வைக்கவில்லை, அதனால் அவர்கள் சொன்ன வடிவம் மற்ற ஜெர்மானிய மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த ஒன்று. அகராதிகளில் அதற்கு முன்னால் உடுக்குறி (*) போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "இது எங்கேயும் எழுதிக் கிடைக்கவில்லை, இப்படி இருந்திருக்க வேண்டும்" என்பதற்கான அடையாளம் அது. இன்னும் பின்னால் போய் இந்தோ-ஐரோப்பிய வேர் என்று சொல்வது அதைவிட ஒரு படி தள்ளிய கணக்கு. அந்த வேருக்குப் "பார், கவனி" என்று பொருள் சொல்கிறார்கள். இது ஏற்கத்தக்க முடிவு என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் குடும்பத்துச் சொற்களில் அந்தப் பார்வை இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சில் ரிகார்டே என்றால் இன்றும் "பார்ப்பது" என்றுதான் பொருள். விருதைக் குறிக்கும் அவார்ட் இதே குடும்பம். முதலில் அது வழக்கை நன்றாகப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பைக் குறித்தது, இன்றும் நடுவர் மன்றத் தீர்ப்புக்கு அதே பெயர்தான். அவேர், பிவேர், வேரி என்று கவனத்தையும் எச்சரிக்கையையும் சொல்லும் சொற்களும் இந்தப் பக்கத்து உறவினர்கள்தான். ஆக, வார்டன் என்பவர் பூட்டுகிறவர் என்பதைவிடக் கவனித்துப் பார்த்துக்கொள்கிறவர் என்பதுதான் அடிப்படை.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் இரண்டு சொற்களைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தைக் குறிக்கும் கார்டன், கார்டியனுக்கு உறவு இல்லை. அது வேலி போட்ட இடத்தைக் குறிக்கும் வேறொரு ஜெர்மானியச் சொல், அதற்கு உறவு யார்ட்தான். அதேபோல் ஃபார்வர்ட், டுவர்ட் என்பவற்றின் கடைசியில் வரும் "வர்ட்" திசையைக் குறிப்பது, திரும்புதல் என்ற பொருளுள்ள வேறு வேர்.

நார்மன்கள் வருவதற்கு முன்பே ஆங்கிலத்துக்குச் சொந்தமாக அந்த வெஆர்ட் இருந்தது என்றேன் அல்லவா, அது போன உயரத்தைப் பார்த்தால் உங்கள் உறவினருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் கிடைக்கும். லார்ட் என்ற சொல் இருக்கிறதே, பிரபு, ஆண்டவர் என்றெல்லாம் நாம் மொழிபெயர்ப்பது, அது பழைய ஆங்கிலத்தில் "ஹ்லாஃப்வெஆர்ட்". ஹ்லாஃப் என்றால் ரொட்டி, இன்றைய லோஃப். ரொட்டியைக் காப்பவன், அதாவது வீட்டில் உள்ளவர்களின் உணவுக்குப் பொறுப்பானவன். நூற்றாண்டுகளாக நடுவெழுத்துகள் தேய்ந்து ஒற்றை அசையாக நிற்கிறது. எட்வர்ட் என்ற பெயரின் பொருள் செல்வத்தின் காவலன். ஸ்டூவர்ட் என்பதும் இதே வெஆர்ட்தான், முன்பகுதி வீடு அல்லது மண்டபத்தைக் குறிக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அது பன்றித் தொழுவம், ஸ்டூவர்ட் என்றால் பன்றி மேய்ப்பவன் என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. பழைய ஆவணங்களில் அந்தப் பொருளில் ஸ்டூவர்ட் வருவதே இல்லை, எங்கேயும் வீட்டு நிர்வாகிதான். ஸ்காட்லாந்தில் அரசரின் அரண்மனை நிர்வாகியாகப் பரம்பரையாக இருந்த குடும்பம் அந்தப் பதவிப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டது, 1371இல் அந்தக் குடும்பத்தின் ராபர்ட் அரசரானார், 1603இல் அவர்கள் இங்கிலாந்துக்கும் சேர்த்து முடிசூடினார்கள். பராமரிப்பாளர் என்ற பெயரோடு ஒரு வம்சம் 1714 வரை ஆண்டிருக்கிறது.

இனி வார்டன் என்ற பதவிக்கு வருவோம். உங்கள் விடுதிக்கு மிக நெருக்கமான பழைய உதாரணம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1264இல் நிறுவப்பட்ட மெர்டன் கல்லூரியின் தலைவருக்கு இன்றுவரை வார்டன் என்றுதான் பெயர். நியூ காலேஜ், ஆல் சோல்ஸ், வாதம் போன்ற கல்லூரிகளிலும் அப்படியே. மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர் என்பது இந்தச் சொல்லுக்கு நேற்று ஒட்டிய பொருள் இல்லை. கடற்கரைப் பாதுகாப்புக்காக ஐந்து துறைமுகங்களைச் சேர்த்து அமைத்த கூட்டுக்கு ஒரு லார்ட் வார்டன் உண்டு, அந்தப் பதவியில் வின்ஸ்டன் சர்ச்சில் 1941 முதல் 1965இல் இறக்கும்வரை இருந்தார். ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்திலும் சர்ச்வார்டன்கள் சொத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்கள், 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் ஊர் ஏழைகளைக் கவனிக்கும் பொறுப்பையும் அவர்கள் தலையில் வைத்தது. 1834இல் அந்த ஏற்பாட்டைக் கலைத்துப் புதிய குழுக்களை அமைத்தார்கள், அவற்றுக்கு வைத்த பெயர் கார்டியன் குழு. ஏழைகள் வேலைசெய்து தங்கிய விடுதிகளை 1930 வரை நடத்தியவை அவைதான். வார்டன் பார்த்த வேலையைக் கார்டியன் எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

சிறைப் பொருளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1300 வாக்கிலேயே சிறைப் பொறுப்பாளரை வார்டன் என்று சொல்லும் வழக்கு வந்துவிட்டது. லண்டன் ஃப்ளீட் சிறையின் தலைவருக்கு நூற்றாண்டுகளாக அதுதான் பட்டம். பெரும்பாலும் கடன்காரர்களை அடைத்து வைத்த இடம் அது, அடைபட்டவர்களே அறைக்கும் சாப்பாட்டுக்கும் விலங்கைக் கழற்றுவதற்கும் வார்டனுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வருமானம் வருகிற பதவி என்பதால் அதை விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். 1728இல் தாமஸ் பாம்பிரிட்ஜ் என்பவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 5,000 பவுண்டுக்கு அதை வாங்கினார். போட்ட பணத்தை எடுக்க அவர் கைதிகளை வதைத்த விதம் வெளியே வந்து, 1729இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் தலைமையில் பாராளுமன்றக் குழு விசாரித்தது. பின்னாளில் ஜார்ஜியா குடியேற்றத்தை நிறுவிய அதே ஓகில்தோர்ப்தான். எனக்கு இந்தச் செய்தி முக்கியமாகப் படுகிறது. வார்டனுக்கு எந்தக் காலத்திலும் அவர் பார்த்துக்கொள்வது சொந்தம் இல்லை. கல்லூரி நிறுவனருக்காகவோ, அரசருக்காகவோ, ஊருக்காகவோ, பெற்றோருக்காகவோ வைத்திருக்கிறார். அதை அவர் தன் சொத்தாக நினைத்த இடத்தில்தான் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது, சிறையில் பயன்பட்டதால் இல்லை.

அதே கோளாறு கார்டியன் பக்கத்திலும் நடந்தது. காக்கப்படும் பிள்ளைக்கு ஆங்கிலச் சட்டத்தில் "வார்ட்" என்று பெயர், காப்பவர் கார்டியன். ஒரே வேரில் பிறந்த சொற்களில் பிரெஞ்சு உடை போட்டது காப்பவருக்கும், ஆங்கில உடை போட்டது காக்கப்படுபவருக்கும் போயிற்று. இந்தியாவில் 1890இல் இயற்றிய சட்டத்தின் பெயரே கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் அரசரிடம் நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் வயது வராத வாரிசை விட்டு இறந்தால், அந்தப் பிள்ளையும் நிலத்தின் வருமானமும், பிள்ளைக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற முடிவும்கூட அரசர் கைக்குப் போகும். அரசர் அந்த உரிமையை வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். எட்டாம் ஹென்றி 1540இல் இதற்கென்றே கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்று ஒரு நீதிமன்றம் அமைத்தார். 1660இல் சட்டப்படி இந்த முறையே ஒழிந்தது. பெயர் மட்டும் கப்பலேறி இந்தியா வந்தது, வயது வராத ஜமீன் வாரிசுகளின் சொத்தை நிர்வகிக்க ஆங்கில ஆட்சி வைத்த அமைப்புக்கும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்றே பெயர். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது 1873 முதல் 1889 வரை சமஸ்தானம் அதன் பொறுப்பில்தான் இருந்தது. சட்ட நுணுக்கத்துக்குள் நான் இறங்கவில்லை. உங்கள் விடுதியில் மாணவிகளுக்கு "லோக்கல் கார்டியன்" கையெழுத்துப் போடுவது சட்டப்படி கார்டியன் ஆவதில்லை, அது விடுதி வசதிக்கான ஏற்பாடு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

வார்ட் என்பது ஆளிலிருந்து இடத்துக்கும் தாவியது. காவலில் உள்ள பகுதி என்ற பொருளில் ஊரின் வார்டு, மருத்துவமனையின் வார்டு. எனக்குப் பிடித்தது பூட்டுக்குள் இருக்கும் வார்ட். பழங்காலப் பூட்டைத் திறந்து பார்த்தால் சாவித் துளையைச் சுற்றி வளைவு வளைவாக உலோக வரம்புகள் நிற்கும், சாவியின் நாக்கில் அதற்கு ஈடாக வெட்டுகள் இருக்கும். வெட்டு பொருந்தினால் சாவி வரம்புகளைத் தாண்டிச் சுழலும், வேறு சாவியைப் போட்டால் பாதியில் முட்டி நின்றுவிடும். அந்த வரம்புகளுக்குத்தான் வார்ட் என்று பெயர். சரியான சாவியை உள்ளே விடுவதும் அவற்றின் வேலையில் அடக்கம்.

இன்றைய வழக்கில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். உங்கள் உறவினர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரி, அங்கே சிறையின் தலைமை அதிகாரி வார்டன். பிரிட்டனில் அதே பதவி கவர்னர், அங்கே வார்டன் என்றால் சிறை நினைவுக்கு வராது. கீழ்நிலைச் சிறைக் காவலருக்கு வார்டர் என்ற தனிச் சொல் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. லண்டன் கோபுரத்தில் கருநீலத்தில் சிவப்புக் கரை வைத்த உடையணிந்து நிற்பவர்களும் வார்டர்கள்தான். அவர்களை அரசரின் மெய்க்காவலரான யோமன் ஆஃப் தி கார்ட் என்ற வேறு படையோடு பலர் போட்டுக் குழப்புவார்கள், பெயரில் வார்டும் கார்டும் எதிரெதிரே நிற்பதைக் கவனித்தால் குழப்பம் வராது. இரண்டாம் உலகப்போரில் வான்தாக்குதல் நேரத்தில் விளக்கை அணைக்கச் சொல்லி, மக்களைப் பதுங்கிடத்துக்கு அனுப்பியவர்கள் ஏர் ரெய்ட் வார்டன்கள், தலைக்கவசத்தில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். 1960இல் லண்டன் தெருக்களில் டிராஃபிக் வார்டன் வந்தார். பிரிட்டனில் முதியோர் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்பவரும் வார்டன். கனடாவின் ஒன்டாரியோவில் கவுண்டி மன்றத் தலைவர் வார்டன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமை வனவிலங்கு வார்டன் உண்டு, தமிழில் அவரையும் காப்பாளர் என்கிறோம், உங்களையும் விடுதிக் காப்பாளர் என்போம்.

ஆகவே பெயர்ப் பலகையில் வார்டன் என்று இருக்கட்டும், தயங்க வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னாளில் அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பம் எழுதினால் அங்கே ஹாஸ்டல் என்பதும் பயணிகள் மலிவாகத் தங்கும் இடம் என்றே புரியும், வார்டன் சிறையை நினைவுபடுத்தும், இரண்டும் சேர்ந்தால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. அதற்கு ரெசிடென்ஸ் ஹால் டைரக்டர் என்று போட்டு, எத்தனை மாணவிகள், என்னென்ன பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும்போது வார்டன் என்றே எழுதலாம், அங்கே மாணவர் விடுதிப் பொறுப்பாளருக்கு அந்தப் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது.